தலைப்பக்கம் கனமான மட்டை

“இதுல எது ரொம்பப் பலமா அடிக்கும்?” என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

கண்ணாடி மேசைமேல் மூன்று பேட்மிண்டன் மட்டைகள் படுத்திருந்தன. கடைக்காரர் அப்துல் காதர் மூன்றையும் பார்த்தார். பிறகு ஆம்ப்ரோஸின் கையைப் பார்த்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இருபது வருஷமாகச் சரக்குச் சீட்டுகளில் ரப்பர் முத்திரை குத்திய கை அது.

“அண்ணே, ராக்கெட் தானா அடிக்காது. நீங்கதான் அடிக்கணும்.”

“அது தெரியும் லா. நான் அடிச்சா எது பலமா அடிக்கும்?”

“நீங்க எந்த லெவல்? பிகினரா, மீடியமா, அட்வான்ஸ்டா?”

ஆம்ப்ரோஸ் கொஞ்சம் யோசித்தார். பதினோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஆளிடம் தோற்றுவருகிறவர் எந்த லெவல் என்று காதரும் சொல்லவில்லை, மட்டையின் உறையிலும் போடவில்லை.

“அட்வான்ஸ்ட்,” என்றார்.

பொய் இல்லை. தோற்பதில் அவரை விஞ்சியவர் அன்றைக்கு சிராங்கூன் சாலையில் யாரும் இல்லை.

“அப்ப இதுதான்,” என்று நடுவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார் காதர். “ஜப்பான். தண்டு இரும்பு, வளையாது. தலைப்பக்கம் கனம். பவருக்குன்னே செஞ்சது. ஆனா இது எல்லாருக்கும் அடங்காது, சொல்லிட்டேன்.”

எல்லாருக்கும் அடங்காது என்றதும் ஆம்ப்ரோஸ் வாங்கிவிட்டார்.

அது 1982, ஜூன் மாதம். எம்ஆர்டி ரயிலுக்கு இன்னும் யாரும் குழி தோண்டவில்லை. சனிக்கிழமைகளில் பாதி நாள் வேலை உண்டு. காப்பியைக் காலிப் பால் டின்னில் ஊற்றி, கயிறு கட்டி, விரலில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். ஜூரோங்குக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவு தூரம்.

அந்த ஜூரோங்குக்குத்தான் சேதுபதி குடிபோகப் போகிறார். ஆம்ப்ரோஸை பதினோரு வருஷமாகத் தோற்கடித்துவரும் ஒரே ஆள் சேதுபதிதான். தஞ்சோங் பகார் குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு. ஆங் மோ கியோ அடுக்குமாடிக்கு வந்த பிறகும், வீட்டுக் குலுக்கலின் தயவில், அதே எட்டாவது மாடியில் அடுத்த வீடு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். மூன்று பஸ் மாறிப் போய் வந்து சலித்துப்போனவர், அங்கேயே வீட்டுக்கு எழுதிப் போட்டு, இப்போது சாவியும் வாங்கிவிட்டார். ஜூலை பத்தாம் தேதி லாரி வரும்.

ஆம்ப்ரோஸுக்கு இடி விழுந்ததுபோல் ஆயிற்று. பிரிவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆள் அடுத்த வீட்டில் இருக்கும்வரை எந்தத் தோல்விக்கும் அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று உண்டு. ஆள் போய்விட்டால், ஈர சிமென்டில் நாய் மிதித்த தடம் மாதிரி, அது அப்படியே காய்ந்து போய்விடும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, லாரி வருவதற்குள் ஜெயித்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை. பதினைந்துக்குப் பதினொன்று, பதினைந்துக்குப் பன்னிரண்டு என்று பக்கத்தில் வந்துதான் தோற்பார். வலைக்கு ஒரு விரல் மேலாகப் பந்தை மெல்லத் தட்டி அந்தப் பக்கம் விழவைப்பது அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் அதை அவரே மதிப்பதில்லை.

“தட்டுறதெல்லாம் கதவுக்கு,” என்பார். “பந்தை அடிக்கணும்.”

சமூக மன்றத்தில் அரை மணி நேரத்துக்குத்தான் கோர்ட் கிடைக்கும். அதனால் ஒரே கேம், பதினைந்து புள்ளி. சேதுபதியின் மனைவி மங்களம் பெஞ்சில் உட்கார்ந்து புள்ளி சொல்வார்.

புது மட்டையோடு முதல் சனிக்கிழமை. சேதுபதி பந்தை உயரமாக, நிதானமாக, பழத்தட்டில் வைத்து நீட்டுவதுபோல் நடுக்கோர்ட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார். ஆம்ப்ரோஸ் குதித்தார். அடித்தார். பந்து சேதுபதியைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மூலையில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த இரண்டு சீனப் பெரியவர்களின் மேசையில் போய் இறங்கியது. அவர்கள் அதையும் ஒருமுறை திருப்பி அடித்தார்கள்.

“அவுட்,” என்றார் மங்களம், பெரிய மூச்சு விட்டு.

பதினைந்துக்கு ஆறு.

சேதுபதி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். “என்னப்பா, பழைய மட்டை எங்க?”

“பீரோ மேல.”

“நல்லாத்தானே இருந்துச்சு அது? அடுத்த வாரம் அதையே கொண்டா.”

ஆம்ப்ரோஸ் புது மட்டையை உறைக்குள் போட்டார். வீட்டுக்கு வந்து மனைவி ரோசம்மாவிடம்தான் சொன்னார்.

“அவன் முகத்துல ஒரு கவலை தெரிஞ்சுது. பயந்துட்டான்.”

“பதினஞ்சுக்கு ஆறுல ஜெயிச்சவரு எதுக்குங்க பயப்படணும்?” என்று மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள் ரோசம்மா.

“அதான் விளையாட்டு தெரியாதவங்க கேக்குற கேள்வி.”

ஜூலை பத்தாம் தேதி லாரி வரவில்லை.

“பெயின்ட் காயலப்பா,” என்றார் சேதுபதி.

பெயின்ட் காய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடி மாதம் வீடு மாறக்கூடாது என்றார். ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டினார். கத்தோலிக்கர் என்றாலும், அடுத்தவர் சாஸ்திரத்தில் மூக்கை நுழைக்காத மரியாதைக்காரர். தவிர, மனத்துக்குள் ஒரு மாதம் லாபம்.

அந்த ஒரு மாதத்தை அவர் வீணாக்கவில்லை. நேராகக் காதர் கடைக்குப் போனார்.

“பந்து வெளியவே போகுது பாய். பவர் பத்தல.”

“வெளிய போனா பவர் ஜாஸ்தின்னுதானே அண்ணே அர்த்தம்?”

“இல்ல. பவர் கட்டுப்பாட்டோட இருக்கணும். நரம்பை இழுத்துக் கட்டுங்க.”

“பதினெட்டு பவுண்டுல கட்டியிருக்கேன். போதும்.”

“இருபத்தாறு.”

“அந்த ஃபிரேம் தாங்காது அண்ணே.”

“நான் அட்வான்ஸ்ட்.”

காதர் மட்டையை வாங்கிக்கொண்டார். கட்டிக் கொடுத்தார். வட்டமாக இருந்த மட்டையின் தலை, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மாங்காய் வடிவத்துக்கு வந்திருந்தது. விரலால் சுண்டினால் வீணை மாதிரி சத்தம் வந்தது. ரோசம்மாவைக் கூப்பிட்டுச் சுண்டிக் காட்டினார். “பாட்டு கிளாஸ் போறதுன்னா சொல்லுங்க, சனிக்கிழமை நானும் வரேன்,” என்றாள் அவள்.

சனிக்கிழமை முதல் அடியிலேயே நரம்பு நடுவில் அறுந்து, பந்து மட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதைச் சேதுபதியும் ஆம்ப்ரோஸும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. மங்களம் வந்து கொண்டை ஊசியால் எடுத்துக் கொடுத்தார்.

“என்கிட்ட இன்னொரு மட்டை இருக்கு, எடுத்துக்கோயேன்,” என்றார் சேதுபதி. “லேசான மட்டை. உன் கைக்கு நல்லா வரும்.”

“உன் மட்டையில உன்னை ஜெயிக்கணுமா? எனக்கு அது வேணாம்.”

நான்கு நரம்பு அறுந்த மட்டையோடு மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தார். பதினைந்துக்கு மூன்று. அந்த மூன்றும்கூட மட்டையின் கட்டையில் பட்டுத் தவறி விழுந்தவை. அவை விழுந்தபோது மட்டும் சேதுபதி “சபாஷ்! இதான்! இப்படியே ஆடு!” என்று கத்தினார். ஆம்ப்ரோஸுக்குக் காது சிவந்தது. தோற்கடிக்கிறவன் கேலியும் செய்தால் எப்படி?

ஆடி முடிந்தது. ஆவணி வந்தது.

“எங்க பக்கம் ஆவணியும் கொஞ்சம் யோசிப்பாங்க,” என்றார் சேதுபதி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

ரோசம்மாவுக்கு அது செரிக்கவில்லை. “ஆவணியிலதாங்க கீழ் மாடி அழகப்பன் வீட்டுல கல்யாணமே நடந்துச்சு. வீடு மாற மட்டும் ஆகாதா?”

“அவங்க மாசம் அவங்களுக்குத் தெரியாதா? பேசாம இரு.”

“மங்களம் அக்கா வீட்டுல எல்லாத்தையும் பெட்டியில கட்டிட்டாங்க. ரெண்டு மாசமா ஒரே ஒரு சட்டியிலதான் சமையல். நேத்து நம்ம தோசைக்கல்லை வாங்கிட்டுப் போனாங்க.”

“ஏதாவது விரதமா இருக்கும்,” என்றார் ஆம்ப்ரோஸ் பக்தியோடு.

புரட்டாசி வந்தது. அதுவும் ஆகாது. சேதுபதியின் சமயத்தில் வீடு மாறுவதற்கென்று ஒரு மாதமே கிடையாது போலிருக்கிறது, இவ்வளவு நாள் இந்துக்கள் எல்லாம் எப்படித்தான் வீடு மாறினார்களோ என்று ஆம்ப்ரோஸ் வியந்தார். வியந்தபடியே அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். அந்தோணியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவர். இவர் கேட்டதோ ஒருநாளும் கையில் இல்லாத பொருள். பலிக்காததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகுதான் கார்பன் வந்தது.

“முழுசும் கார்பன் அண்ணே,” என்றார் காதர், இரண்டு கையாலும் ஏந்திக் காட்டி. “போன வாரம்தான் வந்திச்சு. ரெண்டே ரெண்டு பீஸ். ஒண்ணை நேஷனல் ப்ளேயர் ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு.”

கறுப்பு மட்டை. வழுவழுவென்று, தலைப்பக்கம் கனமாக, தண்டில் தங்க எழுத்தில் ‘பவர்’ என்று போட்டிருந்தது. புது பிரிட்ஜுக்கென்று வைத்திருந்த போனஸ் போயிற்று. பழைய பிரிட்ஜ் அன்றிரவு முழுக்க முனகியது. ரோசம்மா முனகவில்லை, அதுதான் ஆம்ப்ரோஸுக்கு பயமாக இருந்தது.

அட்வான்ஸ்ட் மட்டைக்கு அட்வான்ஸ்ட் மணிக்கட்டு வேண்டும் என்று காதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஆகவே தினமும் காலையில் ஹாலில் நின்று நூறு தடவை காற்றை அடித்தார். காற்று ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் மின்விசிறி சொன்னது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கும் கார்பன் மட்டைக்கும் நடந்த அந்த ஒரே சந்திப்பில், ஒரு இறக்கை வளைந்தது. மட்டைக்குக் கீறல்கூட இல்லை. அதைப் பிடித்திருந்த மணிக்கட்டுதான் சப்பாத்தி மாவு மாதிரி உப்பியது.

“பார்த்தியா?” என்றார் ஆம்ப்ரோஸ், கையை ஐஸில் வைத்துக்கொண்டு. “ஃபேனே வளைஞ்சிடுச்சு. அப்படின்னா என்ன பவரு!”

ரோசம்மா வளைந்த இறக்கையின் கீழ் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தாள். “ஃபேனையா ஜெயிக்கணும்னீங்க?”

வீங்கிய கையோடு ஆடியதில் பதினைந்துக்கு இரண்டு. அதற்கடுத்த வாரம் ஒன்று. சேதுபதியின் முகம் வாரத்துக்கு வாரம் வாடியது. பதினோரு வருஷமாக ஒரே மாதிரி ஜெயித்துச் சலித்துவிட்டான், திமிர் பிடித்தவன் என்று ஆம்ப்ரோஸ் நினைத்துக்கொண்டார். அலுவலகத்தில் இடது கையால் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. கிடங்கில் அந்தக் கையெழுத்தை ஏற்கவில்லை. “இது ஆம்ப்ரோஸ் சார் கையெழுத்து இல்லையே,” என்று ஆம்ப்ரோஸிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர் நேரில் நின்று, நான்தான் ஆம்ப்ரோஸ் என்று எழுதிக் கொடுத்தார். அதையும் இடது கையால்தான் எழுதினார். அதுவும் திரும்பி வந்தது.

கேலாங்கில் எலும்பு பிடிக்கிற சீனக் கிழவர் ஒருவர் இருந்தார். மணிக்கட்டை ஒரு சொடுக்கு சொடுக்கி, தார் போல ஒரு பற்றைப் போட்டு, துணியால் இறுகச் சுற்றினார். மலாயில் இரண்டே வார்த்தை சொன்னார். வேகமாக வீசாதே.

“எவ்வளவு நாளைக்கு?” என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

கிழவர் அவருடைய வயதைக் கணிப்பதுபோல் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தீபாவளியும் எட்டாவது மாடியிலேயே கழிந்தது. “புது வீட்டுல தனியா உக்காந்து முறுக்கு தின்னச் சொல்றியா?” என்றார் சேதுபதி. மங்களம் ஒரே சட்டியில் பலகாரம் சுட்டார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ரோசம்மாதான் எண்ணெய்ச் சட்டி கொடுத்தாள். எல்லாரும் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆம்ப்ரோஸ் வீட்டு டிவியை வாசல் பக்கம் திருப்பிவைத்துப் படம் பார்த்தார்கள். கீழே எங்கோ பிள்ளைகள் கம்பி மத்தாப்பு சுற்றினார்கள். இனி அடுத்த தீபாவளிக்கு இந்த வாசலில் யார் இருப்பார்களோ என்று ஆம்ப்ரோஸுக்கு நினைப்பு ஓடியது. அதை மறைக்க முறுக்கை நொறுக்கினார், இடது கையால்.

டிசம்பரில் ஹவுசிங் போர்டு கடிதம் வந்தது. பழைய வீட்டைப் பதினைந்தாம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். இனி எந்தத் தமிழ் மாதமும் உதவாது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, லாரி வருகிறது. பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, கடைசி ஆட்டம்.

“கை இப்படி இருக்கு, ஆடணுமா?” என்றாள் ரோசம்மா.

“ஆடணும்.”

“அந்தப் பழைய மட்டையையாவது எடுத்துட்டுப் போங்களேன்.”

“போனஸ் போட்டு வாங்கினது இது. இதாலயே ஜெயிக்கிறேன், இல்ல இதாலயே தோக்குறேன்.”

ரோசம்மா அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். துணிக்கட்டை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றிவிட்டாள். அன்று அவளும் கூடவே வந்தாள்.

கோர்ட்டில் இறங்குவதற்கு முன்னால் சேதுபதி வலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“குவார்ட்டர்ஸ்ல ஆடினது ஞாபகம் இருக்கா? துணி காயப்போடுற கயிறுதான் வலை.”

“உன் பொண்டாட்டி புடவையைத் தூக்கிட்டு வந்தா ஆட்டமே நின்னுடும்.”

“அந்தப் புடவைக்கு நடுவுல நீ ஒண்ணு தட்டுனியே, எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பந்து வரதே தெரியல.”

“அதுலயும் நீதானே ஜெயிச்ச.”

“ஆமா,” என்றார் சேதுபதி. அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

ஆட்டம் தொடங்கியது. பெஞ்சில் மங்களமும் ரோசம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மறுநாள் சாமான் ஏற்ற வேண்டிய லாரிக்காரர் நூருல் அமீன், வழி கேட்டுவிட்டுப் போக வந்தவர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தார்.

ஆம்ப்ரோஸால் வீச முடியவில்லை. வீசினால் தோள்வரை மின்னல் அடித்தது. சிங்கப்பூருக்கு வந்த இரண்டே இரண்டு முழுக் கார்பன் மட்டைகளில் ஒன்று, அன்றைக்குக் கொசு விரட்டுகிற வேகத்தில் அசைந்தது. பந்து வலைக்கு ஒரு விரல் மேலாகப் போய், அந்தப் பக்கம் தூங்குவதுபோல் விழுந்தது.

“ஒண்ணு,” என்றார் மங்களம். குரலில் ஏதோ உயிர் வந்திருந்தது.

மறுபடி தட்டினார். மறுபடி விழுந்தது. சேதுபதி ஓடிவந்தார், ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டார். “ச்சே!” என்று தொடையில் அடித்துக்கொண்டார். பாவம், அவனுக்கும் வயசாகிறது என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார்.

ஐந்து. எட்டு. பத்துக்குப் பத்து. டேபிள் டென்னிஸ் பெரியவர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றார்கள். பதினொன்று. பன்னிரண்டு. ரோசம்மா கழுத்துச் சங்கிலியின் சிலுவையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு, பன்னிரண்டு.

ஆம்ப்ரோஸ் மெதுவாக சர்வ் செய்தார். சேதுபதி தூக்கினார். உயரமாக, அழகாக, நடுக்கோர்ட்டுக்கு. ஆறு மாதமாக ஆம்ப்ரோஸ் குதித்துக் குதித்து வெளியே அடித்த அதே பந்து. உடம்பு முழுக்க ‘அடி, அடி’ என்றது. மணிக்கட்டு மட்டும் கிழவர் பேச்சைக் கேட்டது.

தட்டினார்.

பந்து வலையின் உச்சியில் ஒரு கணம் உட்கார்ந்து, யோசித்து, சேதுபதியின் பக்கம் இறங்கியது.

“பதினஞ்சு!” என்று மங்களம் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். ரோசம்மாவைக் கட்டிக்கொண்டார். தோற்றவரின் மனைவி அப்படிக் கட்டிக்கொண்டது ரோசம்மாவுக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. சேதுபதி வலைக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து ஆம்ப்ரோஸைத் தழுவினார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, முகம் கழுவிவருவதாகச் சொல்லிப் போனார். பெண்கள் இருவரும் காப்பி வாங்கக் கிளம்பினார்கள்.

ஆம்ப்ரோஸ் பெஞ்சில் சரிந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் நூருல் அமீன்தான் இருந்தார்.

“பார்த்தீங்களா?” என்று மட்டையை நீட்டினார். “தலைப்பக்கம் கனம். முழு கார்பன். பதினோரு வருஷம் ஆச்சு, சரியான மட்டையைக் கண்டுபிடிக்க. விளையாட்டுல எல்லாமே பவர்தான்.”

நூருல் அமீன் மட்டையை வாங்கி, மரியாதையாகத் திருப்பிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“ரொம்ப சந்தோஷம் சார், ஜூலையிலேருந்து நான் போன் பண்றப்பல்லாம் சேதுபதி அண்ணன், ‘நானும் எப்படி எப்படியோ தோத்துப் பாக்குறேன், அவன் புதுசு புதுசா மட்டையை வாங்கிட்டு வந்து விட மாட்டேங்குறான், அவன் ஒரு தடவை ஜெயிக்கட்டும், அப்புறம் லாரியைக் கொண்டா’ன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு.”